குட்டிக் கோஸ் தாண்டிய கோடை

"பனி மலையில கீற செடிய ஒரகடத்துக்கு இட்டாந்து வளக்கப் போறியா? வளக்கலாம்மா. ஃபோட்டோவுல நல்லா வளரும்."

லாரியிலிருந்து முதல் பெட்டியை இறக்கிக்கொண்டே எங்கள் மேஸ்திரி என்னிடம் சொன்னது இது. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இந்த நர்சரியில் சேர்ந்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் 'தோட்டக்கலை அலுவலர்' என்று போட்டிருந்தது. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் அந்த அட்டையைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட பக்கங்களைப் பணி ஓய்வு பெறுகிறவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு வயது இருபத்தெட்டு. ஆடி மாதம் மேற்படிப்புக்குப் போகிறேன், அவ்வளவுதான். மண்ணில் எத்தனை பங்கு மணல், எத்தனை பங்கு செங்கல் தூள் என்பதெல்லாம் கொட்டகைச் சுவரில் ஒட்டிய தாளில் இருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் எழுத முடியாமல் போனதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

செடியை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். தடித்த இலைகள் ரோஜா இதழ் போல அடுக்கடுக்காக இறுகி, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருக்கும். குளிர்நாட்டு மலைகளில், பாறை இடுக்கில், மண் என்று சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் வளர்வது. பெயர்ச்சீட்டில் செம்பர்விவம் என்று இருக்கும். நம் ஆட்கள் முதல் நாளே அதற்கு 'குட்டிக் கோஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நம் நர்சரிக்கு இது ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் செடிகளைப் பராமரித்துத் தரும் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் வரவேற்புக் கூடத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு பாறைப் படுகை இருக்கிறது. அதன் தலைமை அதிகாரி அந்தக் குளிர்நாட்டு மலைப்பகுதிக்காரர். தன் ஊர்ச் செடி அங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வெளியூரிலிருந்து வரவழைத்தவை வழியிலேயே வாடின. பழைய குளிர்சாதனக் கன்டெய்னர் ஒன்றை வாங்கி, உள்ளே விளக்கு போட்டு நாமே வளர்க்கலாம் என்று கூட்டத்தில் நான் சொன்னேன். கல்லூரியில் படித்ததை எங்கேயாவது காட்ட வேண்டும் என்ற துடிப்பும் அதில் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

முதலாளி சொன்னார்: "சரி, நாற்பது தொட்டி வாங்கித் தரேன். கத்திரி வெயில் முடியிற அன்னிக்கு நானே வந்து எண்ணுவேன். பாதி உயிரோட இருந்தா இந்த வேலை உன்னுது. இல்லன்னா கன்டெய்னரைத் திருப்பி அனுப்பிடலாம், நீ பழையபடி புல்வெளி ஏரியாவைப் பாத்துக்கோ."

நாற்பதில் இருபது. அந்தக் கோடை முழுக்க என் தலைக்குள் ஓடியது இந்தக் கணக்கு ஒன்றுதான்.

*

முதல் அடியை வெயில் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன்.

பங்குனிக் கடைசியில் அந்தத் தொழிற்சாலையிலிருந்து நம்மைத் தணிக்கை செய்ய வந்தார்கள். இந்தப் பகுதியில் போல்ட் செய்து கொடுப்பவருக்கும் டீ கொண்டு போகிறவருக்கும் செடி வளர்ப்பவருக்கும் ஒரே ஆடிட்தான். தரையில் மஞ்சள் கோடு இருக்க வேண்டும், துடைப்பத்துக்குக் கூட ஒரு கொக்கி இருக்க வேண்டும், எந்தப் பொருளும் பார்த்தால் பளிச்சென்று இருக்க வேண்டும்.

என் குட்டிக் கோஸ்கள் அப்போது பளிச்சென்று இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் வெளி இலைகள் காய்ந்து, பழுப்புக் காகிதம் போலச் சுருண்டு தண்டை மூடியிருந்தன. ஆடிட்டுக்கு முந்தின நாள் நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தொட்டியாக எடுத்துக் காய்ந்த இலைகளை உரித்தேன். பாதி காய்ந்தவற்றையும் விடவில்லை. பிறகு தூசி போகத் தண்ணீர் தெளித்தேன். வேலை முடிந்தபோது நாற்பதும் புதிதாகத் தலைவாரி விட்ட பிள்ளைகள் மாதிரி வரிசையாக இருந்தன.

ஆடிட்டில் முழு மதிப்பெண் கிடைத்தது. வந்தவர் கன்டெய்னருக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் ஒரு தொட்டியை நகர்த்தினேன். செடி கையோடு வந்துவிட்டது. அடியில் தண்டு இருந்த இடத்தில் கறுப்புக் கூழ். அடுத்த நாள் மூன்று. வாரம் முடிவதற்குள் ஒன்பது போய்விட்டன. இன்னும் கத்திரி பிறக்கவே இல்லை.

என்னோடு வேலை செய்தவர் ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். ஊர் கோவில்பட்டிப் பக்கம் என்பதால் எல்லாருக்கும் அவர் கோவில்பட்டி அக்கா. என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். ஸ்ரீபெரும்புதூரில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் உற்பத்தி லைனில் வேலை பார்த்து, ஒப்பந்தம் முடிந்ததும் நம்மிடம் வந்திருந்தார். செடியைப் பற்றி அவர் படித்ததில்லை. ஆனால் ஒரு பொருள் பழுதானால் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த லைன் அவருக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தது.

நான் கன்டெய்னர் படியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அழுதது போதும் புள்ள. வா, ஒய்-ஒய் போடுவோம்."

ஒரு பழுதைப் பிடித்துக்கொண்டு, ஏன் ஏன் என்று ஐந்து முறை கேட்டு அதன் அடிவரை போவதுதான் ஒய்-ஒய். தொழிற்சாலைச் சுவர்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். செடிக்கு யாரும் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை.

"ஏன் செத்துச்சு?"

"தண்டுல பூஞ்சை."

"அது பேரு. நான் ஏன்னு கேக்கேன்."

"காயம் பட்ட எடத்துல தண்ணி நின்னு அழுகிடுச்சு."

"ஏன் காயம் பட்டுச்சு?"

"காஞ்ச இலைய உரிச்சேன்."

"ஏன் உரிச்ச?"

"ஆடிட்டுக்குத்தான். உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அட்டைக்குத் தெரியாதுல்லா. ஆடிட் பேப்பர்ல இலைய உரிக்கணும்னு போட்டிருந்துச்சா?"

"இல்ல. சுத்தமா இருக்கணும்னு இருந்துச்சு."

"காஞ்ச இலை அழுக்கா? செடி தானா போத்திக்கிட்டது. அத ஏன் அழுக்குன்னு நெனச்ச?"

எனக்குப் பதில் தெரியும். அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"பாக்க நல்லா இல்லக்கா. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

அக்கா அதை ஐந்தாவது வரியாக அட்டையில் எழுதினார். 'பயந்து செய்தது.' எழுதிவிட்டுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"லைன்ல இப்படி எழுதுனா சூப்பர்வைசர் ஒத்துக்கிட மாட்டாரு. மிஷின் பேரு எழுதும்பாரு. ஆனா நான் பாத்த பழுதுல பாதிக்கு இதான் காரணம் புள்ள."

அந்த அட்டை இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. போகும்போது எடுத்துப் போகிறேன், உங்களுக்குத் தர மனமில்லை. அதற்குப் பதிலாக நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். எழுத ஒரு சந்தர்ப்பம் நிச்சயம் வரும்.

மறுநாள் இழப்புப் பதிவேட்டை எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'பூஞ்சை' என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அது பொய்யும் இல்லை. ஆனாலும் இப்படி எழுதினேன்: 'ஆடிட்டுக்காக நான் இலைகளை உரித்துத் தண்ணீர் தெளித்ததால் அழுகியவை, ஒன்பது.' கீழே பெயர் போட்டேன்.

அன்று மாலை அப்பா வண்டியில் வீட்டுக்குப் போனேன். அவர் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. கம்பெனிப் பெயர்ப் பலகைகளை நிறத்தை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவார். நான் எதை எழுதினாலும் வாசிக்கச் சொல்லிக் கேட்பது அவர் வழக்கம். நடந்ததைச் சொன்னேன்.

"உன் மேல நீயே கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்தியா?"

"ஆமாம்பா."

"இதுக்காம்மா உன்ன படிக்க வச்சேன்?"

பின்னால் உட்கார்ந்திருந்த பயணி சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. ரொம்ப தூரம் போன பிறகு, சிக்னலில் நின்றபோது, திரும்பாமலே சொன்னார்: "எழுதத் தெரிஞ்சவங்க எனக்கு ஆவாததெல்லாம் எழுதி, கைநாட்டு வாங்கிக்கினு போயிருக்காங்க. அவங்களுக்கு ஆவாதத அவங்களே எழுதி நான் பாத்தது இல்ல. நீ எழுதினது நல்லாத்தான் கீது."

முதலாளி அந்தப் பக்கத்தைப் படித்தார். திட்டுவார் என்று நின்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த ஆடிட்ல காஞ்ச இலை அப்படியே இருக்கட்டும். ஏன் இருக்குன்னு நீயே வந்தவங்களுக்குச் சொல்லு," என்றார். "முப்பத்தொன்னு இருக்கா?"

"இருக்கு சார்."

"இருபது வேணும்."

நிபந்தனையில் ஒரு செடி கூடக் குறைத்துக்கொள்ளவில்லை. அதற்கும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சலுகை கொடுத்திருந்தால் அந்தக் கோடையை நான் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டேன்.

*

கத்திரி பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலை பதினொரு மணிக்கு டமார் என்று ஒரு சத்தம். சாலையோர டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து புகை வந்தது. கன்டெய்னரின் உறுமல் நின்றது.

அந்த உறுமலை அதுவரை எங்களில் யாரும் கவனித்ததில்லை. நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது.

நம் ஜெனரேட்டர் தண்ணீர் மோட்டாரை ஓட்டத்தான் போதும். மின்வாரியத்தில் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மரையே மாற்ற வேண்டும், இன்று ஆகாது என்றார்கள். உள்ளே வெப்பமானி இருபத்திரண்டில் இருந்தது. அரை மணியில் இருபத்தொன்பது. வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டி அது. இன்னும் ஒரு மணி நேரத்தில் வெளியைவிட உள்ளே அதிகமாகிவிடும்.

முதலாளி வெளியூரில் இருந்தார். போனில், "நீ என்ன நினைக்கிறியோ செய்," என்று சொல்லி வைத்துவிட்டார். கேட்பதற்கு நல்ல வார்த்தை. அந்த நேரத்தில் அது தலையில் ஒரு மூட்டையை ஏற்றி வைத்தது மாதிரி இருந்தது.

அதற்குள் மேஸ்திரி யாரையும் கேட்காமல் குட்டியானை லோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஐஸ் கம்பெனியிலிருந்து நான்கு பெரிய ஐஸ் பாளங்களைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"கதவ மூடு. இத்த உள்ள வச்சிட்டா சாயந்தரம் வரிக்கும் தாங்கும். பனி மலைச் செடிதானே, பனி வந்துடுச்சு."

என்னைக் கேலி செய்த அதே மனிதர், என் செடிக்காக வெயிலில் ஓடிப்போய் ஐஸ் கொண்டுவந்து நிற்கிறார். அவருக்கு 'வேண்டாம்' என்று சொல்வதுதான் அன்று எனக்கு மிகக் கடினமாக இருந்தது. நாம் அவசரத்தில் எடுக்கும் தவறான முடிவுகளில் பல, நமக்கு உதவ வந்தவரின் மனம் கோணக் கூடாது என்பதற்காக எடுப்பவை.

ஐஸ் உருகும். மூடிய பெட்டிக்குள் அத்தனையும் ஈரமாகும். சூடும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஒன்பது செடிகளும் எனக்கு ஏற்கெனவே காட்டியிருந்தன. அட்டையில் எழுதிய வரிகளில் 'வெயில்' என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. மலைப்பாறையும் பகலில் சுடத்தான் செய்யும். ஆனால் அங்கே தண்ணீர் நிற்காது, காற்று நிற்காது.

"வெளிய எடுக்கலாம் மேஸ்திரி," என்றேன். "எல்லாத்தையும். கொட்டகைக்கு வடக்குப் பக்க நிழல்ல, காத்து வர்ற திட்டுல."

"வெளியவா? கோழி கூட நிழலத் தேடிக்கினு கீது. நீ ஏசியில வளத்தத வெளிய வைக்கிறேன்ற."

"ஒரு சொட்டுத் தண்ணி கூட ஊத்தக் கூடாது."

அவர் கோவில்பட்டி அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் தட்டைத் தூக்கினார். "அவதான ஆபீசரு. தப்பாப் போனா அவ பேர அவளே எழுதிக்கிடுவா. நீங்க அந்தப் பக்கம் பிடிங்க அண்ணாச்சி."

முப்பத்தொரு தொட்டியும் வெளியே வந்தன. ஐஸ் வீணாகவில்லை. அன்று மதியம் நர்சரிப் பெண்கள் பன்னிரண்டு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். மேஸ்திரி மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே என் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்சாரம் மறுநாள் மாலைதான் வந்தது. அந்த இரண்டு பகலும் நான் செய்த வேலை என்ன தெரியுமா? தண்ணீர் ஊற்ற வந்தவர்களைத் தடுத்ததுதான். செடிகள் சுருங்கின. வெளி இலைகள் உள்நோக்கி மடிந்து, ஒவ்வொன்றும் பொத்திய கை மாதிரி ஆனது. பச்சை போய்ச் செம்பழுப்பு ஏறியது. பார்த்தவர்கள் எல்லாருக்கும் பாவமாக இருந்தது. பூவாளியோடு வந்த ஒரு அம்மா, "கொலைகாரியா நீ? ஒரு வாய் குடுத்தா இன்னா?" என்று கேட்டே விட்டார். எனக்கும் கை துறுதுறுவென்றுதான் இருந்தது. தோட்டக்காரருக்குச் சும்மா இருப்பதுபோல் கஷ்டமான வேலை வேறில்லை.

செடிகளைத் திரும்பக் கன்டெய்னருக்குள் வைத்தோம். அடுத்த இரண்டு வாரத்தில் ஒன்று, பிறகு இரண்டு என்று சரியத் தொடங்கின. இருபத்தைந்து. இருபத்துமூன்று. நான் பூவாளியைத் தொடவில்லை. சரியாகத்தான் முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆதாரம் எதுவும் அப்போது என்னிடம் இல்லை. அதை உங்களுக்குச் சொல்லிவிட விரும்புகிறேன். முடிவெடுத்த பிறகு வரும் நாட்கள்தான் முடிவெடுக்கும் நிமிடத்தைவிட நீளமானவை.

கத்திரி முடிந்த அன்று முதலாளி வந்தார். எண்ணும் விதத்தை அவருக்கு நான்தான் காட்டினேன். செடியின் நடுவில் விரலை வைத்து மெல்ல அழுத்த வேண்டும். கெட்டியாக இருந்தால் உயிர். அமுங்கினால் போய்விட்டது. அவர் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். பின்னால் மேஸ்திரி உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டு வந்தார். இருபத்துமூன்றில் இரண்டு அமுங்கின.

"இருபத்தொன்னு," என்றார் முதலாளி.

"நான் எண்ணதுல கூட ஒன்னு வந்துச்சு சார்," என்றார் மேஸ்திரி. கூட எதுவும் வரவில்லை. அவர் எனக்காக இன்னொரு செடியைச் சேர்த்துக்கொண்டார்.

*

அடுத்த தை மாதம் ஒரு செடி பூத்தது. நடுத்தண்டு ஒரு சாண் உயரம் நீண்டு, நட்சத்திரம் நட்சத்திரமாக இளஞ்சிவப்புப் பூ. மேஸ்திரிதான் முதலில் பார்த்தார். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தொழிற்சாலையிலிருந்து கூடப் படம் எடுக்க வருவதாகச் சொன்னார்கள்.

குட்டிக் கோஸ் ஒருமுறைதான் பூக்கும். பூத்த செடி அத்தோடு காய்ந்துவிடும். அவ்வளவு சந்தோஷமாக நின்றவர்களிடம் அதைச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் பிறகு காயும்போது, மறைத்தேன் என்றாகும். சொன்னேன்.

மேஸ்திரி குனிந்து, அடியில் முளைத்திருந்த குட்டிச் செடிகளைப் பார்த்தார். "அப்போ சுத்தி கீற குட்டிங்க?"

"அதுங்க பொழைக்கும். தனித்தனியா நடணும்."

"ஒன்னு குடு. நான் வச்சிக்கிறேன்."

கொடுத்தேன். உடைந்த தொட்டிச் சில்லில் செங்கல் தூளைப் போட்டு, மோட்டார் ரூமுக்குப் பின்னால் சன்ஷேடுக்குக் கீழே வைத்தார். அதற்கடுத்த வாரம் அவரை வேறொரு தொழிற்சாலையின் புல்வெளி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாரும் அதை மறந்துவிட்டோம்.

அந்த வருடக் கத்திரியும் முடிந்தது. மோட்டார் பழுது என்று பின்பக்கம் போனவள் அந்தச் சில்லைப் பார்த்தேன். நான்கு மாதம் யாரும் தொடாத செடி. அடி இலை முழுக்கக் காய்ந்து தண்டைப் போர்த்தியிருந்தது. மேலே ஒரு பொத்திய கை. விரலை வைத்து அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது.

கன்டெய்னருக்குள் எத்தனை எத்தனை கவனத்தோடு நான் வளர்த்தவற்றில் அந்த வருடமும் நான்கு அழுகியிருந்தன.

மேஸ்திரிக்குப் போன் செய்தேன். "அது இன்னுமா கீது?" என்றார். "நான் ஒன்னியுமே பண்ணலியேம்மா."

"அதத்தான் மேஸ்திரி நீங்க பண்ணியிருக்கீங்க."

அன்று முதல் வேலை மாறியது. ஒவ்வொரு வருடமும் ஒரு பங்கு செடிகளை வடக்குத் திட்டுக்குக் கொண்டுபோனேன். செத்தவைதான் அதிகம். ஐப்பசி மழை, வெயிலைவிட அதிகம் கொன்றது. அதற்குப் பிறகுதான் மேலே கண்ணாடித் தகடு வந்தது. மீந்தவற்றின் குட்டிகளை எடுத்து மறுபடி வெளியே வைத்தேன். இப்போது இரண்டு வகை நிற்கின்றன: நுனி சிவந்தது ஒன்று, சாம்பல் பச்சை ஒன்று. இவை நம் வெயிலுக்குப் பழகிவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன். நாம்தான் இவற்றுக்குப் பழகியிருக்கிறோம். எப்போது கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொண்டோம்.

கோவில்பட்டி அக்கா இப்போது ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு கம்பெனியில் லைன் லீடர். ஞாயிற்றுக்கிழமை பேசுவார். மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததைச் சொன்னபோது, "ஏன் படிக்கப் போற?" என்று ஆரம்பித்து ஐந்து முறை கேட்டுவிட்டுத்தான் வாழ்த்தினார். ஐந்தாவது பதிலில் பயம் இல்லை. அதுதான் அவருக்குத் திருப்தி.

நீங்கள் சேர்ந்த முதல் நாள் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டீர்கள்: "கன்டெய்னர் ரிப்பேராக்கா? சத்தமே வரல."

ரிப்பேர் இல்லை. பங்குனி முதல் வாரம் நானே அதை அணைத்துவிட்டேன். அறுபத்துநான்கு தொட்டியும் வெளித்திட்டில்தான் இருக்கின்றன. முதலாளியிடம் இந்த முறை நிபந்தனையை நானே சொன்னேன்: கத்திரி முடியும் அன்று எண்ணுவோம், பாதிக்குக் குறைந்தால் கன்டெய்னரை மறுபடி ஓட்டுவோம், காரணத்தை நானே எழுதுகிறேன். புல்வெளி வேலையிலிருந்து திரும்பிவந்துவிட்ட மேஸ்திரி அருகில்தான் நின்றிருந்தார். "இன்னாம்மா, இப்பவே ஃபோட்டோ எடுத்து வச்சிக்கினியா?" என்றார். எடுக்கவில்லை என்றேன்.

எண்ணும் நாள்வரை நான் இங்கேதான் இருப்பேன். ஆனால் நான் இல்லாத ஒரு பகலில், சுருங்கிப்போன செடிகளைப் பார்த்து உங்களில் யாருக்காவது பதற்றம் வரலாம், கை அந்த சுவிட்சுக்குப் போகலாம். அதனால் சுவிட்சின் மேல் சிவப்பு டேப் ஒட்டி, அணைத்த தேதியை எழுதி, கீழே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தவறாகிப் போனால் யாரைக் கேட்பது என்று யாரும் தேட வேண்டியதில்லை.